வெள்ளமும் வற்றலும் ஒரே வருடத்தில்: கொழும்பின் கிணறுகளைக் காலநிலை மாற்றம் எப்படித் தொடுகிறது?

கொழும்பு மாவட்டத்தில் ஒரே வருடத்துக்குள் இரண்டு விதமான செய்திகள் வருவது வழக்கமாகிவிட்டது. மே மாதத்திலோ நவம்பரிலோ களனி கங்கை கரை மீறும். கொலன்னாவ, கடுவெல பக்கங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் நிற்கும். பெப்ரவரி, மார்ச் வந்தால் கங்கை இறங்கி உப்பு மேலேறும். மேட்டு நிலக் கிணறுகளில் அடி தெரியும். தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்கும்படி அறிவித்தல் வரும். இவ்வளவு மழை பெய்யும் ஊரில் தண்ணீர் எப்படிக் குறையும் என்று கேட்பது நியாயம்தான். அதற்குக் 'காலநிலை மாற்றம்' என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டால் ஒன்றும் விளங்காது.

சுருக்கமாகச் சொன்னால், மழை கொட்டும் வாரங்களும் தண்ணீர் தேவைப்படும் வாரங்களும் மேலும் மேலும் விலகிப் போகின்றன. இடைவெளியை நிரப்ப வேண்டிய நிலத்தடிச் சேமிப்போ இங்கே சிறியது, கசிவது. கங்கை, கிணறு, பாவனை என்ற மூன்றும் ஒரே ஆறேழு வாரத்துக்குள் சேர்ந்து சிக்குவதுதான் கொழும்புக்கே உரிய ஆபத்து. அது எப்படி நடக்கிறது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது

மண்துகள்களுக்கு இடையிலும் பாறை வெடிப்புகளிலும் நிறைந்து நிற்கும் நீரே தரைக்கீழ் நீர், அதாவது நிலத்தடி நீர். அது நிறைந்து நிற்கும் மேல் எல்லை நீர்மட்டம். கிணற்றுக்குள் நாம் பார்ப்பது அந்த மட்டத்தைத்தான். மழைநீர் மேலிருந்து இறங்கி அதனுடன் சேர்வது மீள்நிரப்பு.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் குடியேறியவர்கள் பலர் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லை மனதில் வைத்துக்கொண்டே இங்குள்ள கிணற்றையும் பார்ப்பார்கள். கொழும்பின் நிலம் வேறு. இங்கே நான்கு வகை உண்டு:

1. கபுக். மகரகம, கொட்டாவ, பத்தரமுல்ல போன்ற மேடுகளில் இருக்கும் செந்நிறத் துளைக்கல். மழை பெய்தால் விரைவாக உறிஞ்சும். அதே விரைவில் பக்கத்துப் பள்ளத்து வயலுக்கும் சதுப்புக்கும் விட்டுவிடும். ஓட்டைப் பானை போலத்தான். பெரும்பாலான வீட்டுக் கிணறுகள் இதற்குள்தான் தோண்டப்பட்டிருக்கின்றன. நீர் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது, இரும்பும் இருக்கும்.
2. கரையோர மணல். வத்தளையிலிருந்து உஸ்வெட்டகெய்யாவ ஊடாக நீர்கொழும்பு வரை ஒரு நீண்ட பட்டியாகவும், தெற்கே வெள்ளவத்தை, தெகிவளைக் கரையில் துண்டு துண்டாகவும் உள்ளது. இங்கே நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது.
3. கங்கைக்கரை வண்டலும் சதுப்பு முற்றாவும் (செடிகொடிகள் அரைகுறையாக மக்கிச் சேர்ந்த மண்). கொலன்னாவ, முத்துராஜவெல போன்ற தாழ்நிலங்கள். நீர்மட்டம் தரைக்கு மிக அருகில் இருக்கும், தரமோ மோசம்.
4. அடியிலுள்ள கருங்கல். இதற்குள் வெடிப்புகளில் மட்டுமே நீர் உண்டு. தொடர்மாடிகளும் ஹோட்டல்களும் இறக்கும் குழாய்க் கிணறுகள் இந்த வெடிப்புகளைத்தான் தேடுகின்றன.

நான்காவதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது: ஆழமாகத் துளைத்தால் புதிய தண்ணீர் கிடைக்கும் என்று. வெடிப்புக்குள் வரும் நீர் பெரும்பாலும் மேலேயுள்ள கபுக்கிலிருந்தும் மண்ணிலிருந்தும் இறங்கியதுதான். 80 மீற்றர் குழாய்க் கிணறும் பக்கத்து வீட்டு 8 மீற்றர் கிணறும் ஒரே சேமிப்பிலிருந்து குடிக்கின்றன. ஆழமானது கடைசியில் வற்றும், அவ்வளவுதான்.

ஆண்டு மழையைப் பார்த்து ஏமாறக்கூடாது

1961 முதல் 1990 வரையான சராசரிப்படி கொழும்பில் வருடத்துக்குச் சுமார் 2,500 மில்லிமீற்றர் மழை. கேட்க நிறைவான எண். மாதங்களாகப் பிரித்தால் படம் மாறும். மே, ஒக்டோபர், நவம்பர் ஆகிய மூன்று மாதங்களில் மட்டும் அதில் ஏறத்தாழப் பாதி விழுந்துவிடுகிறது. ஜனவரியில் சுமார் 60, பெப்ரவரியில் சுமார் 70. இரண்டும் சேர்ந்து ஆண்டு மழையின் இருபதில் ஒரு பங்கு.

நாட்களாகப் பிரித்தால் இன்னும் கூர்மை. 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரு நாளில் சுமார் 494 மில்லிமீற்றர் பெய்தது. 2010 நவம்பரிலும் ஒரே இரவில் 440 மில்லிமீற்றரைத் தாண்டியது. ஆண்டு மழையில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே நாளில். அதில் எவ்வளவு கிணற்றுக்குப் போயிருக்கும்? மண் ஒரு மணித்தியாலத்தில் உறிஞ்சக்கூடிய அளவுக்கு எல்லை உண்டு. எல்லையைத் தாண்டியதெல்லாம் காணில் ஓடி, கால்வாயில் விழுந்து, கடலுக்குப் போகும். மேல் மண் நிறைந்தபின் பெய்யும் மழைக்கும் அதே கதிதான். முற்றத்துக்குக் கொங்கிறீட் போட்ட வீட்டில் முதல் துளியிலிருந்தே அதே கதி.

ஒரு சின்னக் கணக்கு. நிலத்தின் கன அளவில் பத்தில் ஒரு பங்கு நீரை வெளியே விடக்கூடிய படை என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 100 மில்லிமீற்றர் மழை முழுமையாக இறங்கினால் நீர்மட்டம் 1 மீற்றர் உயரும். ஒரு வாரம் தூறலாகப் பெய்தால் இதில் பெரும்பகுதி சாத்தியம். அதே 100 மில்லிமீற்றர் இரண்டு மணித்தியாலத்தில் கொட்டினால் 20 சென்ரிமீற்றர் உயர்ந்தாலே பெரிது. மழைமானி இரண்டு மழைக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

வெப்பம் கூடும்போது மாறுபவை

1. வளியின் கொள்ளளவு. வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால் வளி தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 வீதம் கூடும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். தென்னாசியாவுக்கான காலநிலை மாதிரிகள் ஆண்டு மொத்தத்தில் ஒன்றோடொன்று வேறுபட்டாலும், கடும் மழை நாட்கள் கூடும் என்பதில் ஒத்துப்போகின்றன. மீள்நிரப்புக்கு உதவும் மெதுவான மழையின் பங்கு குறைகிறது.

2. மண்ணின் கடன். மழையில்லாத நாட்களில் வெயிலும் மரங்களும் மண்ணின் ஈரத்தை இழுக்கின்றன. வெப்பம் கூடினால் இழுவை கூடும். காய்ந்த மண்ணில் முதலில் பெய்யும் மழை அந்த ஈரக் கடனை அடைக்கவே போகும். அது தீர்ந்த பிறகுதான் ஒரு துளி கிணற்றுக்கு இறங்கும். மார்ச்சில் இரண்டு பின்னேர மழை பெய்தும் கிணறு அசையாததற்கு இதுதான் காரணம்.

3. இடைவெளியின் நீளம். கபுக் கிணறு நவம்பர் மழையில் நிறைந்தாலும் இடைவிடாமல் பள்ளத்துக்குக் கசிகிறது. டிசம்பர் மழை ஓரளவு பெய்தால் தாக்குப்பிடிக்கும். டிசம்பரும் வறண்டு, இடைப்பருவ மழை ஏப்ரல் கடைசி வரை தள்ளிப்போனால், மொத்த மழை வழமையாக இருந்த வருடத்திலும் கிணறு வற்றும். நாற்பது வருடங்களில் மிக மோசமானது என்று சொல்லப்பட்ட 2016–17 வறட்சிக்குச் சற்று முன்புதான், 2016 மே மாதத்தில், கொழும்பு பெருவெள்ளத்தில் கிடந்தது.

4. கடல்மட்டம். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. 2006 முதல் 2018 வரை அந்த வேகம் வருடத்துக்கு 3.7 மில்லிமீற்றர். இதன் விளைவைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

உப்பு: ஒன்றுக்கு நாற்பது

கடல்நீர் நன்னீரைவிட அடர்த்தி கூடியது: நன்னீர் 1.000 என்றால் கடல்நீர் சுமார் 1.025. இந்த வித்தியாசத்திலிருந்து ஒரு விதி பிறக்கிறது. கரையோரத்தில் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். மேலே அரை மீற்றர் என்றால் கீழே 20. நீர்மட்டம் நிரந்தரமாக 10 சென்ரிமீற்றர் இறங்கினால் காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் 4 மீற்றர் ஏறும்.

கொழும்பின் கால்வாய்கள் இந்த இடத்தில் ஒரு பொறியாகின்றன. கடல் உயரும்போது நிலத்தடி நீர்மட்டமும் தடையின்றிச் சேர்ந்து உயர முடிந்தால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஓரளவு காக்கப்படும். ஆனால் வெள்ளவத்தை, தெகிவளைக் கால்வாய்களும் வடிகால்களும் வெள்ளத்தைத் தடுப்பதற்காக நீர்மட்டத்தைத் தாழ்வாகப் பிடித்து வைத்திருக்கின்றன. நீர்மட்டம் 1 மீற்றரிலேயே கட்டுப்பட்டிருக்க, கடல் 30 சென்ரிமீற்றர் உயர்ந்தால், மிஞ்சுவது 70 சென்ரிமீற்றர். நன்னீரின் ஆழம் 40 மீற்றரிலிருந்து 28 மீற்றராகிவிடும். ஒருவரும் ஒரு சொட்டுக்கூட இறைக்காமலே.

குடிப்பதற்கு எவ்வளவு உப்பு அதிகம்? கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைட் உண்டு. குடிநீரில் 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்குக்குத் தெரியத் தொடங்கும். அதாவது 100 லீற்றர் நன்னீரைக் கெடுக்க ஒன்றரை லீற்றருக்கும் குறைவான கடல்நீர் போதும். மணலுக்குள் ஒருமுறை ஏறிய உப்பைக் கழுவ ஒன்றிரண்டு மழைக்காலம் போதாமலும் போகலாம்.

கங்கையிலும் இதே போராட்டம்தான். கொழும்புக்கான குழாய் நீரில் சுமார் 80 வீதம் களனி கங்கையிலிருந்து வருகிறது. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்கள் மிச்சத்தில் பெரும்பங்கைத் தருகின்றன. மணல் அகழ்வினால் கங்கையின் அடி பல இடங்களில் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. நீரோட்டம் தளர்ந்தால் பாரமான உவர்நீர் அடியோடு ஊர்ந்து அம்பத்தலை நீரெடுப்பு இடத்தை நோக்கி ஏறும். அதனால்தான் அங்கே உவர்த்தடுப்பு தேவைப்பட்டது. வறட்சிக் காலங்களில் மணல் மூட்டை அடுக்கிச் சமாளித்த வரலாறு நீண்டது.

பாவனை எங்கே கூடுகிறது

வெப்பம் கூடினால் இரண்டு தடவை குளிப்பது, செடிக்குக் கூடத் தண்ணீர் விடுவது எல்லாம் தெரிந்த விஷயம். கண்ணில் படாத பெரும் பாவனை கட்டடங்களின் குளிரூட்டல் கோபுரங்கள். பெரிய அலுவலகங்களும் ஹோட்டல்களும் வெப்பத்தைத் தண்ணீரை ஆவியாக்கித்தான் வெளியேற்றுகின்றன. ஒரு ரொன் குளிரூட்டலுக்கு (இங்கே ரொன் என்பது எடையல்ல, குளிரூட்டும் திறனின் அலகு) மணித்தியாலத்துக்குச் சுமார் ஆறரை லீற்றர் ஆவியாகும். 500 ரொன் கொண்ட ஒரு கட்டடம் முழுச் சுமையில் 10 மணித்தியாலம் இயங்கினால் ஒரு நாளில் 32,000 லீற்றருக்கு மேல் வானத்துக்குப் போகிறது. உப்புப் படியாமல் இருக்க அவ்வப்போது வெளியேற்றும் நீர் இதற்குப் புறம்பு. வெப்பமான நாளில் சுமை ஏறும், ஆவியாதலும் ஏறும். ஆளுக்கு 120 லீற்றர் என்று பார்த்தால் இது 270 பேரின் ஒரு நாள் தண்ணீர். வீட்டில் குளித்த நீர், கழிவுநீர்க் குழாய் இல்லாத புறநகரில், ஓரளவு அழுக்கோடேனும் நிலத்துக்குத் திரும்புகிறது. இது திரும்புவதில்லை.

மின்சாரமும் இதற்குள் வருகிறது. களனியின் மேற்பகுதியிலுள்ள காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் மின் உற்பத்திக்கானவை. வறட்சியில் கீழே ஓடும் நீர் பெருமளவு அங்கிருந்து எப்போது, எவ்வளவு திறக்கப்படுகிறது என்பதில் தங்கியிருக்கிறது. வறண்ட மாதங்களில் மின்பாவனை உச்சத்துக்குப் போகிறது; நீர்த்தேக்கமோ தாழ்கிறது.

மூன்றும் சேரும் வாரங்கள்

பெப்ரவரி நடுப்பகுதி முதல் மார்ச் கடைசி வரை நடக்கும் தொடரை வரிசையாக வைத்தால் இப்படி வரும்:

1. கங்கை தாழ்கிறது, அழுத்தம் குறைந்து மேல்மாடிகளுக்குக் குழாய் நீர் ஏறாமல் போகிறது.
2. வீடுகளும் தொடர்மாடிகளும் கிணற்றுக்குத் திரும்புகின்றன. 2022, 2023 நீர்க்கட்டண உயர்வுகளுக்குப் பிறகு, நீர்மானி இல்லாத கிணற்றில் கைவைக்கக் காரணமும் கூடியிருக்கிறது.
3. வருடத்தில் நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும் அதே வாரங்களில் இறைப்பு உச்சத்தைத் தொடுகிறது.
4. மேட்டில் கிணறு வற்றுகிறது. கரையோரத்தில் உப்பு மேலிழுக்கப்படுகிறது. இரண்டையும் விட்டு மக்கள் பவுசரை எதிர்பார்க்கிறார்கள். பவுசரை நிரப்புவதும் அதே கங்கை நீரால்தான்.

குழாய் நீர் தவறினால் கிணறு கைகொடுக்கும் என்ற எண்ணத்தில் திட்டமிடுவது ஆபத்தாவது இதனால்தான். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை, நீர்வளச் சபை, மின்சாரத் துறை ஆகியன இந்த ஆறு வாரத்தை ஒரே கணக்காக வைத்து, ஜனவரியிலேயே நீர்த்தேக்கத் திறப்பு அளவையும் இறைப்பு எல்லையையும் தீர்மானிக்க வேண்டும். மார்ச்சில் கூட்டம் வைத்து ஆவது ஒன்றுமில்லை.

வீட்டுக் கிணற்றில் செய்யக்கூடியவை

1. நீர்மட்டத்தை அளக்கவும். பாரம் கட்டிய அளவு நாடாவைக் கிணற்றுக் கட்டின் ஒரே புள்ளியிலிருந்து இறக்கி, காலையில் மோட்டர் போடுமுன், வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள். மோட்டர் ஓடியபின் அளந்தால் அது இறைப்பின் அளவு. நிலத்தின் அளவு அல்ல.

2. பகுதி பகுதியாக இறையுங்கள். 1.2 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் 1,000 லீற்றர் தாங்கியை ஒரே மூச்சில் நிரப்பினால் மட்டம் 90 சென்ரிமீற்றர் அளவுக்கு விழும். கரையோரத்தில் இதைத் தினமும் செய்தால் உவர்நீர் கூம்பாக மேலெழும். 250 லீற்றராக நான்கு தடவை, இடையில் இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டு இறைத்தால் பக்கவாட்டிலிருந்து நன்னீர் வர நேரம் கிடைக்கும். ஃபுட் வால்வை (உறிஞ்சு குழாயின் நுனியிலுள்ள அடைப்பானை) அடியில் வைக்காதீர்கள். கரையோரக் கிணற்றில் நன்னீர் மேலேதான் இருக்கிறது.

3. மழைநீர் விடயத்தில் இடம் பார்த்து முடிவு செய்யவும். 2005இல் தேசிய மழைநீர்க் கொள்கை வந்தது. 2007 நகர அபிவிருத்தி அதிகாரசபைத் திருத்தச் சட்டம் மழைநீர் சேகரிப்பைக் கட்டட விதிகளுக்குள் கொண்டுவந்தது. நடைமுறையில் நிலத்தின் வகையே எல்லாம். கரையோர மணலில் உறிஞ்சு குழி நல்ல பலன் தரும், ஏனெனில் இறங்கும் நன்னீர் உப்பைக் கீழே அமுக்கும். கபுக் மேட்டில் நவம்பரில் இறக்கிய நீரில் பெரும்பகுதி பெப்ரவரிக்குள் பள்ளத்துக்குப் போய்விடும். அங்கே தாங்கியே நம்பகமானது. நான்கு பேர், 45 நாள், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 20 லீற்றர் என்றால் 3,600 லீற்றர் போதும். 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் இழப்புப் போக இந்த அளவு கிடைத்துவிடும். டிசம்பர் கடைசியில் நிரப்பி மூடிவையுங்கள். குடிக்குமுன் கொதிக்க வையுங்கள்.

4. உறிஞ்சு குழி பிழைத்துப்போகும் இடங்கள் மூன்று. வண்டல் அடைப்பது: முதல் 1 மில்லிமீற்றர் மழையை, அதாவது 100 சதுர மீற்றர் கூரைக்கு 100 லீற்றரை, வெளியே விட்டுவிட்டுப் பிறகே குழிக்கு விடவும், பீலியை ஏப்ரலுக்கு முன் துப்புரவாக்கவும். உயர்ந்த நீர்மட்டம்: மழைக்கால நீர்மட்டத்துக்கு ஒரு மீற்றராவது மேலே குழியின் அடி இருக்கவேண்டும், கொலன்னாவ போன்ற தாழ்நிலத்தில் இது கிடைக்காது. மலசலகூடக் குழி: 15 மீற்றருக்குக் கிட்டவாக இருந்தால் அதன் அழுக்கைக் கிணற்றுப் பக்கம் தள்ளிவிடும். கூரை நீரை நேரே கிணற்றுக்குள் விடுவது எந்த இடத்திலும் கூடாது.

5. வெள்ளம் புகுந்த கிணறு. சுற்றியுள்ள நிலம் ஊறி நிற்கும்போது முழுதாக இறைத்தால் வெளியழுத்தத்தில் வளையம் சரியும். நீர் வடிந்தபின் இறைத்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவவும். 1.5 மீற்றர் விட்டம், 3 மீற்றர் நீர் என்றால் கொள்ளளவு 5,300 லீற்றர். லீற்றருக்கு 20 மில்லிகிராம் குளோரின் வீதம், 30 வீதச் செறிவுள்ள குளோரின் தூள் சுமார் 350 கிராம் வேண்டும். வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஓர் இரவு விட்டு, மணம் போகும்வரை இறைக்கவும். பழைய தூளின் செறிவு குறைந்திருக்கும்.

தொடர்மாடியும் கட்டடத் தளமும்

நிலத்தடித் தரிப்பிடம் தோண்டும்போது மாதக்கணக்கில் இரவு பகலாக நிலத்தடி நீரை இறைத்துக் காணில் விடுகிறார்கள். பக்கத்துக் கிணறுகள் வற்றுவது ஒருபுறம். அடியில் முற்றா இருந்தால் நீர் போன இடம் அமுங்கி மதில் வெடிக்கும். அந்த நீரை வடியவிட்டுக் குளிரூட்டல் கோபுரத்துக்கோ கட்டட வேலைக்கோ கொடுக்கலாம். கரையிலிருந்து தூரமான தளமென்றால் மீள் உறிஞ்சு கிணற்றிலும் இறக்கலாம். குழாய்க் கிணறு வைத்திருக்கும் தொடர்மாடி முகாமைக் குழுக்கள் ஒரு சிறிய நீர்மானியும், உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனாவும் வாங்கி வைத்தால் போதும். டிசம்பரில் பேனாவில் எடுத்த உப்பு வாசிப்பை அடிப்படையாக வையுங்கள். பெப்ரவரியில் அது இரண்டு மடங்கைத் தொட்டால் குழாய்க் கிணற்று இறைப்பைப் பாதியாகக் குறையுங்கள். அடுத்த வாரமும் ஏறினால் மழை வரும்வரை நிறுத்திவிடுங்கள்.